ரோபோ வாங்கியாயிற்று, பாடம் நடக்கிறதா?

பள்ளிச் சேர்க்கை நோட்டீஸ்களில் இப்போது ரோபோ தவறாமல் இடம்பிடிக்கிறது. வேன் வசதி, ஹிஃப்ழ் வகுப்பு, ஏ.சி. வகுப்பறை என்ற வரிசையில் ‘ரோபோட்டிக்ஸ் லேப்’ என்பதும் சேர்ந்துகொண்டது. சக்கரம் வைத்த பொம்மை ஒன்றைக் கையில் ஏந்தி ஒரு சிறுவன் சிரிக்கும் படம் கட்டாயம் உண்டு. நமது சமுதாய அறக்கட்டளைகள் நடத்தும் பள்ளிகளும் இதில் விதிவிலக்கல்ல. கட்டண ரசீதில் அதற்கென்று தனியாக ஒரு தொகை ஏறிவிடுகிறது. வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பும் அத்தாவும், நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் உம்மாவும் அந்தத் தொகைக்குப் பிள்ளை என்ன கற்றது என்று பெரும்பாலும் கேட்பதில்லை. என்ன கேட்க வேண்டும் என்பது தெரியாததும் ஒரு காரணம்.

இதை வெறும் விளம்பர மோகம் என்று தள்ளிவிடவும் முடியாது. அரசுகளே அந்தத் திசையில்தான் போகின்றன. கேரளத்தில் 2025-26 கல்வியாண்டு முதல் 10ஆம் வகுப்பு மாணவர் அனைவரும் ரோபோட்டிக்ஸ் படிக்கிறார்கள், ஐ.சி.டி. பாடநூலில் அதற்கென்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. அங்குள்ள கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான ‘கைட்’ சுமார் 29,000 ரோபோட்டிக் கிட்டுகளைப் பள்ளிகளுக்கு வழங்கியிருக்கிறது. ஒன்றிய அரசு 2025 பட்ஜெட்டில், ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 அடல் டிங்கரிங் லேப்கள் அமைக்கப்படும் என்று அறிவித்தது. ஏற்கெனவே இந்தத் திட்டத்தில் தேர்வான பள்ளிகளுக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் தரப்பட்டிருக்கிறது. தமிழக அரசும் ‘டி.என். ஸ்பார்க்’ என்ற பெயரில் செயற்கை நுண்ணறிவு, ரோபோட்டிக்ஸ் பாடங்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்துள்ளது.

ஆக, ரோபோ வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் முடிந்துபோன ஒன்று. அதை வைத்து எந்தப் பாடம் நடக்கிறது என்பதே மிஞ்சியுள்ள கேள்வி. நாம் ஓதியது மத்ரஸாவில், பட்டம் வாங்கியது கலைத் துறையில். இயற்பியல் நமது துறையல்ல. ஆனாலும் பிள்ளைகளின் பாடநூல்களைப் புரட்டியும், அறிவியல் ஆசிரியர்கள் சிலரிடம் விசாரித்தும், இந்தக் கருவிகள் ஓடுவதை அருகிலிருந்து பார்த்தும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். பேச்சு நீளாமல் இருக்க ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் 10ஆம் வகுப்பு அறிவியல் பாடநூல் ‘இயக்க விதிகள்’ என்ற பாடத்தோடுதான் தொடங்குகிறது. விசை, நிறை, முடுக்கம் ஆகிய மூன்றையும் பிள்ளை அங்கேதான் முழுமையாகச் சந்திக்கிறது. விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கினால் வருவது. சூத்திரம் ஒரு வரிதான். மனப்பாடம் செய்ய ஒரு நிமிடம் போதும், மதிப்பெண்ணும் வந்துவிடும். புரிந்துகொள்வதற்குத்தான் மனித இனத்துக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் பிடித்தன.

ஏன் அவ்வளவு காலம்? நமது அன்றாடப் பேச்சே அதற்குப் பதில் சொல்லும். “கொஞ்சம் விசையா நட” என்கிறோம். அங்கே விசை என்றால் வேகம். “வேகமா அடிச்சான்” என்கிறோம். அங்கே வேகம் என்றால் விசை. பலமாகத் தள்ளினால் பொருள் வேகமாகப் போகும், தள்ளுவதை நிறுத்தினால் பொருள் நின்றுவிடும் என்ற எண்ணம் நமது நாக்கிலேயே குடியிருக்கிறது. தள்ளுவண்டி தள்ளும் வியாபாரிக்கும் அனுபவம் அப்படித்தான் சொல்கிறது. ‘முடுக்கம்’ என்ற சொல் இன்னும் பாவம். காயல்பட்டினத்துப் பிள்ளைக்கு ‘முடுக்கு’ என்றால் வீடுகளுக்கு இடையில் பெண்கள் போய்வரும் சந்து. மாட்டை முடுக்கிவிட்ட தலைமுறை போய்விட்டது. இன்றைய பிள்ளைக்குப் புரிய வைக்க வேண்டுமானால் பைக்கின் ஆக்ஸிலேட்டரைச் சொல்ல வேண்டும். முறுக்கினால் வேகம் ஏறுகிறதே, அந்த ஏற்றத்தின் பெயர்தான் முடுக்கம். வேகத்தின் பெயர் அல்ல.

பாடநூல் சொல்வது அன்றாட அனுபவத்துக்கு நேர் எதிரானது. விசை வேகத்தைத் தருவதில்லை. வேகத்தில் மாற்றத்தைத் தருகிறது. ஒரே வேகத்தில் நேராகப் போய்க்கொண்டிருக்கும் பொருளின் மீது மொத்த விசை பூஜ்யம். கேரம் பலகையில் போரிக் பவுடர் தூவிவிட்டு ஸ்ட்ரைக்கரைச் சுண்டிப் பார்த்த பிள்ளைக்கு இது பாதி தெரியும். விரலை விட்டுப் பிரிந்த பிறகும் ஸ்ட்ரைக்கர் போய்க்கொண்டேதான் இருக்கிறது. பவுடர் கூடக் கூட இன்னும் தூரம் போகிறது. நிறுத்துவது உராய்வு. உராய்வே இல்லையென்றால் நிற்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை.

இப்போது ரோபோவுக்கு வருவோம். ரோபோ கொண்டு பாடம் நடத்துவதில் ஒரு பொறி இருக்கிறது. அதை வாங்கும் பள்ளிகளும் விற்கும் நிறுவனங்களும் சொல்வதில்லை.

நமது ஊர்களில் அதிகம் புழங்குவது ஆர்டுயினோ பலகையும் மஞ்சள் நிற பிளாஸ்டிக் கியர் மோட்டாரும் வைத்த இரு சக்கர வண்டி. அதை ஓட்டப் பிள்ளை 0 முதல் 255 வரை ஓர் எண்ணை எழுத வேண்டும். 100 எழுதினால் மெதுவாகப் போகிறது. 200 எழுதினால் வேகமாகப் போகிறது. இரண்டு நாளில் பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? ‘நாம் கொடுத்த விசை கூடியது, வேகம் கூடியது’ என்ற முடிவுக்குத்தான். பிறகு 0 என்று எழுதுகிறது. வண்டி உடனே நிற்கிறது. ‘விசை போனது, ஓட்டமும் போனது’. எந்தத் தப்பான எண்ணத்தைப் பிடுங்கி எறிய வேண்டுமோ அதையே அந்தக் கருவி ஒரு நாளைக்குப் பத்து முறை நிரூபித்துக் காட்டுகிறது. கேரம் பலகை சொன்ன பாடத்தை ரோபோ அழித்துவிடுகிறது.

உண்மையில் அந்த எண் வேகமும் அல்ல, விசையும் அல்ல. மோட்டாருக்கு மின்சாரத்தை எவ்வளவு நேரம் திறந்துவிட வேண்டும், எவ்வளவு நேரம் அடைக்க வேண்டும் என்ற விகிதம் அது. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். மோட்டார் கிளம்பும் கணத்தில் தள்ளும் விசை அதிகம். சக்கரம் வேகமெடுக்க எடுக்க அந்தத் தள்ளல் குறைந்துகொண்டே வரும். கடைசியில் தள்ளலும் உராய்வும் சமமாகிவிடும் இடத்தில் வண்டி ஒரே வேகத்தில் ஓடும். நாம் காண்பது பெரும்பாலும் அந்தச் சமநிலையைத்தான். விசை, நிறை, முடுக்கம் என்ற பாடமெல்லாம் கிளம்பிய முதல் ஒரு நொடிக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. அந்த ஒரு நொடியைப் பிடித்து நிறுத்திக் காட்டாத ஆசிரியர் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்; இயற்பியல் கற்றுக்கொடுக்கவில்லை.

விலை உயர்ந்த கிட்டுகளில் பொறி இன்னும் நுட்பமானது. லெகோ போன்ற நிறுவனங்களின் மோட்டாருக்குள்ளேயே சுழற்சியை எண்ணும் சென்சார் இருக்கிறது. ‘இந்த வேகத்தில் போ’ என்று கட்டளையிட்டால், சுமை ஏறியதும் கருவி தானே உணர்ந்து கூடுதல் மின்சாரத்தைச் செலுத்தி அதே வேகத்துக்கு வந்துவிடும். பிள்ளை அரை கிலோ சுமையை ஏற்றுகிறது. வண்டி முன்பு போலவே ஓடுகிறது. ‘நிறைக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தமில்லை போலும்’ என்று அது நினைத்தால் பிள்ளையைக் குறை சொல்ல முடியுமா? பொறியாளர்கள் நல்லெண்ணத்தோடு வைத்த வசதிதான் அது. தொழிற்சாலையில் அது தேவை. வகுப்பறையில் அது பாடத்தை மறைக்கும் திரை. வேகக் கட்டளையை விட்டுவிட்டு, மின் அளவை மட்டும் தரும் ‘பவர்’ கட்டளையைப் பயன்படுத்தினால்தான் சுமையின் விளைவு தெரியும். இந்த ஒரு வேறுபாட்டை அறிந்த ஆசிரியர் இருக்கும் வகுப்பும், அறியாத ஆசிரியர் இருக்கும் வகுப்பும் ஒரே கிட்டை வைத்துக்கொண்டு எதிரெதிர்த் திசையில் போகும்.

இது நமது கற்பனை அல்ல. கணினியில் ‘ஆமை’ ஒன்றை நகர்த்திப் பிள்ளைகள் கணிதம் கற்கலாம் என்று 1960களின் இறுதியிலிருந்து வழிகாட்டிய சீமோர் பாப்பர்ட்டின் குழுவில், நியூட்டன் விதிப்படி ஓடும் ஆமை ஒன்றையும் உருவாக்கினார்கள். உராய்வில்லாத தரையில் ஓடுவது போல, ஒருமுறை உதைத்தால் அது நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். ஆண்ட்ரியா டிசெஸ்ஸா என்ற ஆய்வாளர் 11, 12 வயதுப் பிள்ளைகளிடம் அதைக் கொடுத்து ஓர் இலக்கில் இடிக்கச் சொன்னார். 1982இல் வெளியான அவரது கட்டுரை இன்றும் கல்வித் துறையில் பேசப்படுகிறது. மேல்நோக்கி ஓடும் ஆமையைப் பக்கவாட்டில் திருப்ப, பிள்ளைகள் நேராகப் பக்கவாட்டில் உதைத்தார்கள். உதைத்த திசையிலேயே போகும் என்று எதிர்பார்த்தார்கள். அது சாய்வாகப் போனது. பழைய ஓட்டம் அழியாமல் புதிய உதையோடு சேர்ந்துகொண்டது. எம்.ஐ.டி.யில் இயற்பியல் படித்த ஒரு மாணவியும் அதே தவறைச் செய்ததாக அவர் எழுதினார். சூத்திரம் தெரிந்திருந்தும் கை பழைய நம்பிக்கைப்படியே உதைத்தது. இலக்கு தவறியபோது பிள்ளைகள் ‘ஏன்’ என்று கேட்டார்களே, அங்கேதான் கல்வி தொடங்கியது. தவறாமல் ஓடும் பொம்மை அந்தக் கேள்வியை எழுப்பாது.

இங்கே நமது பாரம்பரியத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். காரணம், ரோபோ என்றதும் மேடையில் அல்ஜஸரியின் பெயரைச் சொல்லாமல் நமது பேச்சாளர்கள் இறங்குவதில்லை. தியார்பக்கிர் நகரில் அர்துகிய ஆட்சியாளர்களிடம் பணியாற்றிய அல்ஜஸரி, 1206இல் இயந்திரங்கள் பற்றிய தமது பெரும் நூலை முடித்தார். அதில் படகில் அமர்ந்து இசைக்கும் பொம்மைகள் வருகின்றன. சுழலும் உருளையில் பதித்த முளைகள் நெம்புகோல்களைத் தட்ட, பொம்மைகளின் கை அசையும். முளைகளை இடம் மாற்றி வைத்தால் தாளமும் மாறும் என்பதால், நிரல்படி இயங்கும் இயந்திரத்தின் முன்னோடி என்று பிற்கால ஆய்வாளர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். அவருக்கு முன்பே, 9ஆம் நூற்றாண்டு பக்தாதில் பனூ மூஸா சகோதரர்கள் மூவரும் இத்தகைய பொறிகளை வடிவமைத்தார்கள். இவையெல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பெயர்களைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டு மேடையை விட்டு இறங்குவதால் ஒரு பிள்ளைக்கும் முடுக்கம் புரிந்துவிடாது. அல்ஜஸரியின் நூல் பெருமை பேசும் நூலல்ல. எந்தப் பாகத்தை எவ்வளவு நீளத்தில் செய்ய வேண்டும், எதை எதோடு பொருத்த வேண்டும் என்று கைவினைஞருக்கு விளக்கும் நூல். அளவு அதன் உயிர்.

தர்ஸே நிஜாமி முறையில் ஓதிய ஆலிம்களுக்கு ‘ஹிதாயத்துல் ஹிக்மா’ தெரிந்த கிதாப். 13ஆம் நூற்றாண்டின் அஸீருத்தீன் அல்அப்ஹரி எழுதியது. அதில் பொருள்களின் இயக்கம் பற்றிப் பேசும் இடத்தில் ‘மைல்’ என்ற சொல் வரும். சாய்வு, நாட்டம் என்று பொருள். இந்தக் கருத்தை விரிவாக்கியவர் இப்னு ஸீனா. எறிபவர் பொருளுக்குள் ஒரு நாட்டத்தைக் கொடுத்துவிடுகிறார், அது தானாகத் தேய்ந்து போவதில்லை, காற்று போன்ற வெளித் தடையால்தான் தேய்கிறது என்றார் அவர். அப்படியானால் வெற்றிடத்தில் எறிந்த பொருள் நிற்கவே நிற்காது என்ற முடிவு வருகிறது. அந்த முடிவு வரை அவர் வந்தும் சேர்ந்தார். பிறகு என்ன சொன்னார்? நிற்காமல் ஓடும் அப்படியொரு பொருளை நாம் காண்பதில்லை. ஆகவே வெற்றிடம் என்ற ஒன்று இருக்க முடியாது என்றார். நியூட்டனின் வாசலுக்கு ஓரடி முன்னால் நின்று திரும்பிவிட்டார் என்றே சொல்ல வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் அபுல் பரகாத் அல்பக்தாதி இன்னும் சற்று முன்னே போனார். விழும் பொருளின் வேகம் ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்ற கேள்விக்கு, அதன் கனம் விடாமல் மேலும் மேலும் புதிய மைலைச் சேர்த்துக்கொண்டே இருப்பதுதான் காரணம் என்றார். தொடர்ந்த விசை தொடர்ந்து வேகத்தைக் கூட்டுகிறது என்பதற்கு இது மிகவும் பக்கத்தில் வருகிறது.

அவர்களுக்கு அறிவுக் குறைவு இல்லை. சிறு நேரத் துண்டுகளை அளக்கும் வழி இந்த ஆய்வில் நுழையவில்லை. அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து கலீலியோ சாய்வுப் பலகையில் உருண்டையை உருட்டி, பாத்திரத்திலிருந்து வடியும் நீரை எடைபோட்டு நேரத்தைக் கணக்கிட்டார். சொல்லாக இருந்தது எண்ணாக மாறியது. நியூட்டன் 1687இல் விதியாக எழுதினார். இப்னு ஸீனாவிடம் இல்லாத கருவி இன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. கையடக்கத் தொலைபேசியின் கேமரா சாதாரணமாக ஒரு நொடிக்கு 30 படங்கள் எடுக்கிறது. மூன்று படத்துக்கு ஒரு படம் நிறுத்திப் பார்த்தால் நொடியின் பத்தில் ஒரு பங்கு நமது கையில்.

ஆகவே பாடம் எப்படி நடக்க வேண்டும் என்று கேட்டால், ரோபோவின் பக்கத்தில் தையல் டேப்பை ஒட்டி, தொலைபேசியில் படமெடுத்து, முதல் நொடியைத் துண்டு துண்டாக அளக்க வேண்டும். முதலில் ரோபோவைச் சுருள்வில் தராசில் மாட்டி, நகரவிடாமல் பிடித்துக்கொண்டு மோட்டாரை ஓட்டினால் அது இழுக்கும் விசை முள்ளில் தெரியும். பிறகு விட்டுவிட வேண்டும். கணக்கு வசதிக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: ரோபோவின் நிறை 1 கிலோ, உராய்வு போக மிஞ்சிய விசை அரை நியூட்டன். முடுக்கம் அரை மீட்டர்/நொடி². விசை மாறாமல் இருந்தால் முதல் நொடியில் 25 செ.மீ. ஓட வேண்டும். அடுத்து அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இரண்டை ஏற்றினால் இன்னொரு கிலோ கூடிவிடும். வீட்டிலேயே கிடைக்கும் எடைக்கல் இது. நிறை இரட்டிப்பு, முடுக்கம் பாதி. 12.5 செ.மீ. ஓட வேண்டும். ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே இந்த எண்ணைப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். இதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

ஓட்டினால் 12.5 வராது. பெரும்பாலும் குறைவாக வரும். சுமை கூடியதால் உராய்வும் கூடியது. மோட்டாரின் தள்ளலும் நொடி முழுவதும் ஒரே சீராக இல்லை. சில தரையில் வேறொன்றும் நடக்கும். வழவழப்பான டைல்ஸில் வெறும் ரோபோவின் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கும். ஓட்டும் சக்கரத்துக்கு நேர் மேலே பாட்டிலை வைத்ததும் பிடிப்பு கிடைத்து முன்பைவிடச் சுறுசுறுப்பாகக் கிளம்பும். சுமை ஏறினால் மெதுவாகும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிள்ளை திகைத்து நிற்கும். விதி பொய்யாகிவிட்டதா, நாம் விசை என்று எண்ணியதில் ஏதோ விட்டுப்போனதா? இந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வரும் பிள்ளை அன்று கட்டணத்துக்குரிய கல்வியைப் பெற்றுவிட்டது என்று தாராளமாகச் சொல்லலாம். அளவையில் மோசடி செய்வோரை எச்சரிக்கத் தனி அத்தியாயமே உள்ள வேதத்தை ஓதும் சமுதாயம், அளந்த எண் பிடிக்கவில்லை என்பதற்காக அதைத் திருத்தி எழுதக்கூடாது என்ற ஒழுக்கத்தையும் இதே நோட்டில் கற்றுக்கொடுக்கலாம். ரெக்கார்டு நோட்டில் ‘சரியான விடை’யை முன்கூட்டியே எழுதிவிட்டுச் சோதனை செய்யும் வழக்கம் நமது பள்ளிகளில் எவ்வளவு ஊறிப்போயிருக்கிறது என்பது படித்தவர் எல்லோருக்கும் தெரியும்.

இதுவரை சொன்னதை ரோபோ இல்லாமல் ஒரு தள்ளுவண்டியை வைத்தும் செய்துவிடலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிரல் எழுதும் வசதி உண்மையிலேயே உதவும் இடம் ஒன்று உண்டு. பாதி தண்ணீர் உள்ள பாட்டிலை ரோபோவின் மேல் நிமிர்த்தி வையுங்கள். 200 என்று ஒரே கட்டளை கொடுத்தால் ரோபோ விருட்டென்று கிளம்பும், பாட்டில் பின்பக்கம் சாயும். டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றவர் சாய்வது போல. பாட்டில் விழாமல் அதே வேகத்துக்கு வர வேண்டும், அதற்கு நிரல் எழுது என்று பிள்ளைகளிடம் விட்டுவிட வேண்டும். பத்து பத்தாக எண்ணை ஏற்றலாம் என்று சீக்கிரமே கண்டுபிடிப்பார்கள். எவ்வளவு இடைவெளி விட்டு ஏற்றுவது? அதிகம் விட்டால் எதிர்ச்சுவர் வந்துவிடும். குறைத்தால் பாட்டில் விழும். ஆரம்ப எண்களில் மோட்டார் முனகுமே தவிர நகராது. நிற்கும் பொருளைக் கிளப்ப உராய்வை முதலில் வெல்ல வேண்டும் என்பது அப்போது தெரியவரும். பிள்ளை அங்கே எழுதுவது வேகத்தை அல்ல, முடுக்கத்தை. தன் கையால் எழுதி, விழுந்த பாட்டிலைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதுகிறது. தள்ளுவண்டியில் இது முடியாது.

கிட்டு எத்தனை பேருக்கு என்பதையும் பார்க்க வேண்டும். கேரளத்தில் 10ஆம் வகுப்பில் இந்தப் பாடம் படிப்போர் சுமார் 4.3 லட்சம் பேர். 29,000 கிட்டுகளால் வகுத்தால் ஒரு கிட்டுக்குப் பதினைந்து பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு மாநிலமே முனைந்து செய்த ஏற்பாட்டில் இந்தக் கணக்கு. நமது தனியார் பள்ளிகளில் ஒரு வகுப்புக்கு இரண்டு கிட்டு இருந்தாலே பெரிய விஷயம். நாம் பார்த்த ஒரு பள்ளியில் ஐந்து கிட்டுகளும் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தன, சாவி தாளாளரிடம். ஆண்டு விழாவுக்கும் ஆய்வாளர் வருகைக்கும் அலமாரி திறக்கும். கிட்டு வெளியே வரும் அபூர்வ நாட்களிலும் கீபோர்டைப் பிடிப்பவன் வகுப்பின் முதல் மாணவன். மற்றவர் வேடிக்கை பார்ப்பவர். ஆண், பெண் இரு பிரிவுகளும் உள்ள பள்ளிகளில் கிட்டு ஆண்கள் பிரிவிலேயே தங்கிவிடுவதையும் கண்டோம். பெண் பிள்ளைகள் 10ஆம் வகுப்பிலும் 12ஆம் வகுப்பிலும் நல்ல மதிப்பெண் வாங்கிக் கொடுப்பது மட்டும் நோட்டீஸுக்கு வேண்டும் போலும்.

இவற்றையெல்லாம்விடக் கசப்பான ஒரு விவரமும் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் ‘அசர்’ ஆய்வு, கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைச் சோதித்தது. மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்கும் கணக்கைச் சரியாகச் செய்தவர் 43.3 சதவீதம் மட்டுமே. முடுக்கம் என்பதே ஒரு வகுத்தல்தான். வேகத்தில் வந்த மாற்றத்தை நேரத்தால் வகுக்க வேண்டும். வகுத்தல் வராத பிள்ளையிடம் ரோபோவைக் கொடுத்தால் அது விளையாடும், சிரிக்கும், படத்துக்கு நிற்கும். அதனால் ரோபோ கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. வகுத்தலுக்கு வறட்டுப் பயிற்சி கொடுத்துக் களைத்துப்போன ஆசிரியருக்கு, 25 செ.மீ., 12 செ.மீ. என்று பிள்ளையே அளந்த எண்களை வகுக்கச் சொல்வது நல்ல வாய்ப்பு. ஆனால் கணக்கு ஆசிரியர் இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு ரோபோ லேப் திறக்கும் நிர்வாகத்தைப் பெற்றோர் கூட்டத்தில் கேள்வி கேட்பது குற்றமாகாது.

பணம் ஒதுக்கும் நிர்வாகிகளுக்கு ஒரு தகவல். லெகோ நிறுவனத்தின் மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசை 1998இல் அறிமுகமாகி உலகெங்கும் வகுப்பறைகளில் புகழ்பெற்றது. பாப்பர்ட்டின் நூல் பெயரையே அதற்கு வைத்தார்கள். 2022 முடிவோடு அந்த வரிசையை நிறுவனம் நிறுத்திவிட்டது. லட்சக்கணக்கில் செலவழித்து ஒரே நிறுவனத்தின் கிட்டையும் செயலியையும் நம்பியிருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் தனித்தனிப் பாகங்களாக வாங்கிக் கோத்துக்கொள்ளும் வண்டி, பார்க்க அழகாக இருக்காது. உடைந்தால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம். பிள்ளை அதைத் திறந்து பார்ப்பதற்கு யாரும் தடை போட மாட்டார்கள். சில ஆயிரம் ரூபாய்க்குள் ஒன்று முடிந்துவிடும் என்பதால், ஒரு பளபளப்பான கிட்டின் விலையில் நான்கைந்து செய்யலாம். கிட்டுக்குப் பதினைந்து பேர் என்பது நான்கு பேராகக் குறையும். மஹல்லாவில் கோடை கால தீனிய்யாத் வகுப்பு நடத்தும் ஜமாஅத்துகள், கடைசி வாரத்தில் நான்கு மாலைகளை இதற்கு ஒதுக்கினால் பள்ளிவாசல் வராந்தாவே போதும். ஊரில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் வாலிபர்கள் இருவர் கிடைக்காமல் போக மாட்டார்கள். மாலை வகுப்பு என்றால் பெண் பிள்ளைகளுக்கு எந்த நேரம் ஒத்துவரும் என்று உம்மாமார்களிடம் முதலில் கேட்டுவிட்டு நேரத்தை வைக்க வேண்டும்.

அப்படித் தொடங்குபவர்களுக்கு ஆசிரியர் ஒருவர் நம்மிடம் சொன்ன எச்சரிக்கை: பேட்டரியைக் கவனியுங்கள். சார்ஜ் இறங்க இறங்க மோட்டாரின் தள்ளலும் இறங்கும். அஸருக்குப் பின் வெறும் வண்டியை ஓட்டி அளந்துவிட்டு, மஃரிபுக்குப் பின் பாட்டிலை ஏற்றி அளந்தால் முடுக்கம் குறைந்தது நிறையாலா, பேட்டரியாலா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் மல்டிமீட்டரால் வோல்ட்டைப் பார்த்து, அந்த எண்ணையும் நோட்டில் ஒரு பத்தியாக எழுதி வர வேண்டும். சுமையோடு ஓட்டி முடித்ததும் வெறும் வண்டியை இன்னொரு முறை ஓட்டி, முதலில் வந்த அளவே வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.